முதல் குரோஷே லேஸ்: ஏழு 'வி'க்களில் பழகலாம்

ஒரே கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற குரோஷேயைப் பழக வருகிறவர்களிடம் முதலில் சிங்கிள் குரோஷே என்ற தையலில் ஒரு சதுரம் பின்னச் சொல்வதுதான் வழக்கம். எனக்கும் அப்படித்தான் ஆரம்பமானது. நெருக்கமான பின்னல் அது. ஒவ்வொரு தையலின் தலையையும் தேடிப் பிடித்து ஊசியை நுழைக்க வேண்டும். மூன்றாவது வரிசைக்குள் எது தையல், எது இரண்டு தையலுக்கு நடுவில் உள்ள சந்து என்றே தெரியாமல் போய், ஊசியையும் நூலையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மறுபடி அதைத் திறக்க ஒரு வருடம் ஆயிற்று.

லேஸ் கஷ்டம், அதெல்லாம் கை பழகின பிறகு என்று நினைத்திருந்தேன். அது தப்பு. எளிமையான லேஸ் பின்னலில் ஓட்டை கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஊசியை அதற்குள் விட்டால் போதும், தேட வேண்டியதே இல்லை. அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, ஆங்கில V எழுத்து வடிவில் வரும் 'வி' ஸ்டிட்ச்தான். செயின், டபுள் குரோஷே என்ற இரண்டே அசைவுகள் தெரிந்தால் போதும். முதல் வரிசை மட்டும் கொஞ்சம் படுத்தும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லேஸ் என்றதும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். 19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன் பணிக்கு வந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலிலும், அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடியிலும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ், தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, சின்னச் சின்ன மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. அது தனிக் கலை. நாம் பேசுவது ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னுகிற லேஸ். ஆந்திராவில் நரசாபுரம் இதற்குப் பெயர் போன ஊர், 2024இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அந்த ஊர்ப் பெண்கள் மெல்லிய பருத்தி நூலில் பின்னுவதைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் அடிப்படை அசைவு நாம் செய்யப்போவதேதான்.

என்ன வாங்கலாம்

இங்கே செய்கிற தவறுதான் பாதிப் பேரை ஓடவைக்கிறது. லேஸ் என்றவுடன் கடைக்காரர் தையல் நூல் மாதிரி மெல்லிசான குரோஷே நூலையும், நுனியே கண்ணுக்குத் தெரியாத ஸ்டீல் ஊசியையும் எடுத்து நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அடுத்த வருடத்துக்கு.

இடியாப்ப இழையைவிடக் கொஞ்சம் பருமனான பருத்தி நூல், அதற்கு 4 மி.மீ. ஊசி. ஊசிக் கம்பியிலேயே அளவு பொறித்திருக்கும். அதை மில்லிமீட்டரில் பார்த்து வாங்குங்கள். வெறும் நம்பரை நம்பினால் குழப்பம்தான், ஏனென்றால் ஸ்டீல் ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். நூல்கண்டின் லேபிளிலும் எந்த ஊசி பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். நிறம் வெளிர் மஞ்சள், ரோஸ், இளம்பச்சை என்று வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு, கருநீலம் எல்லாம் இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் உங்களைக் கொன்றுவிடும். ரோமம் ரோமமாக நிற்கிற கம்பளி நூலும் முதல் முயற்சிக்கு ஆகாது. பிரித்துப் பின்ன வேண்டி வந்தால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும், நீங்களோ நிறையத் தடவை பிரிக்கப்போகிறீர்கள்.

இதோடு ஒரு கத்தரிக்கோல், நாலைந்து ஊக்கு, பெரிய காதுள்ள மொட்டை ஊசி ஒன்று. அவ்வளவுதான்.

கையில் பிடிப்பது

வலது கையில் ஊசி. பேனா மாதிரியும் பிடிக்கலாம், கத்தி மாதிரியும் பிடிக்கலாம், இரண்டும் சரியே. இடது கைதான் முக்கியம். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுவிரல்களுக்கு அடியில் கொண்டுவந்து, ஆள்காட்டி விரலின் மேல் போடுங்கள். அந்த விரல் சற்றுத் தூக்கியே இருக்க வேண்டும். பூ தொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று வரும். நாரை எவ்வளவு இறுக்கினால் பூ நிற்கும், எவ்வளவு இறுக்கினால் காம்பு அறுந்துபோகும் என்று அவர்கள் விரலுக்கு ஏற்கெனவே தெரியும்.

எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தை, டிவி மேல் போடும் விரிப்பைப் பின்னிக்கொண்டே என் கையைப் பார்த்து, "ஈரத்துணியைப் பிழியிற மாதிரி பிடிச்சிருக்கியேடி" என்றார். உண்மைதான், என் செயினுக்குள் ஊசியே நுழையவில்லை. இறுக்கமாக வருகிறதென்றால் கையைத் திருத்தப் போராட வேண்டாம். முதலில் போடும் அடிச் செயினை மட்டும் 4.5 அல்லது 5 மி.மீ. ஊசியால் போட்டுவிட்டு, பிறகு 4க்கு வந்துவிடுங்கள்.

இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிச் செய்தால் சரி. எண்ணிக்கை எதுவும் மாறாது.

செயின்

நூல் நுனியில் ஒரு சாண் விட்டுவிட்டு ஒரு வளையம் போடுங்கள். கண்டிலிருந்து வரும் நூலை அந்த வளையத்துக்குள் ஒரு கண்ணியாக இழுத்து ஊசியில் மாட்டுங்கள். இது சுருக்கு முடிச்சு. கண்டுப் பக்க நூலை இழுத்தால் கண்ணி சுருங்க வேண்டும். அப்படிச் சுருங்காமல் வால் பக்கத்தை இழுத்தால் சுருங்குகிறதென்றால் முடிச்சு மாறிவிட்டது, அவிழ்த்துப் போடுங்கள்.

இப்போது நூலைப் பின்னாலிருந்து முன்னால் ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கியில் பிடித்து, ஊசியிலிருக்கும் கண்ணிக்குள் இழுத்தால் ஒரு செயின். இழுத்த கண்ணி ஊசியின் தண்டில் உட்கார வேண்டும். கொக்கிக்குக் கீழே மெலிந்திருக்கும் கழுத்தில் உட்கார்ந்தால் செயின் சுருங்கிப்போகும்.

முப்பது நாற்பது செயின் சும்மா போட்டுப் பழகுங்கள். சடை பின்னியதுபோல ஒரே சீராக வரும்வரை போட்டுப் போட்டுப் பிரிக்கலாம். இரண்டு ஊசி நிட்டிங்கில் ஊசி நழுவினால் நாற்பது கண்ணி கழன்று ஓடும். குரோஷேயில் எப்போதும் கையில் இருப்பது ஒரே கண்ணி, அதனால் பிரிப்பதற்குப் பயமே வேண்டாம்.

எண்ணும்போது ஊசியிலிருக்கும் கண்ணியைச் சேர்க்கக் கூடாது, தொடக்க முடிச்சையும் சேர்க்கக் கூடாது. நடுவில் இருப்பது மட்டும்தான் கணக்கு.

டபுள் குரோஷே

நமக்கு வேண்டிய இரண்டாவது அசைவு இது. நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஊசியைச் செயினுக்குள் விட்டு, அந்தப் பக்கம் நூலைப் பிடித்து, இந்தப் பக்கம் இழுங்கள். இப்போது ஊசியில் மூன்று கண்ணி இருக்கும். இல்லையென்றால் முதலில் சுற்ற மறந்துவிட்டீர்கள். மறுபடி நூலைச் சுற்றி இரண்டு கண்ணிக்குள் இழுத்தால் மிச்சம் இரண்டு. இன்னொரு முறை சுற்றி அந்த இரண்டுக்குள்ளும் இழுத்தால் மிச்சம் ஒன்று. மூன்று, இரண்டு, ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நான் டபுள் குரோஷே என்று சொல்வது அமெரிக்க வழக்கம். இதே தையலை பிரிட்டிஷ்காரர்கள் டிரெபிள் என்பார்கள். அவர்கள் டபுள் என்று சொல்வது அமெரிக்கர்களின் சிங்கிள். நம் ஊரில் இரண்டு வகைப் புத்தகங்களும் புழங்குகின்றன, யூடியூபிலும் இரண்டும் கலந்து கிடக்கிறது. வேறு எங்காவது டிசைன் பார்த்துப் பின்னும்போது அளவு பாதியாக வந்தால் உங்கள் கை மேல் சந்தேகப்படாதீர்கள், எழுதியவர் எந்த நாட்டு வழக்கம் என்று பாருங்கள். அதில் சிங்கிள் குரோஷே என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க வழக்கம்தான்.

முதல் வரிசை

25 செயின் போடுங்கள். பத்தாவதிலும் இருபதாவதிலும் ஒவ்வொரு ஊக்கு மாட்டிவிட்டால் மறுபடி மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

ஏன் 25? ஒவ்வொரு 'வி'யும் மூன்று செயின் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஏழு 'வி'க்கு 21. இரண்டு ஓரத்துக்குமாக நான்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு எந்த அகலத்துக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்: 'வி' எத்தனை வேண்டுமோ அதை மூன்றால் பெருக்கி நான்கைக் கூட்டுங்கள்.

செயின் முறுக்கிக்கொள்ளாமல், சடை தெரியும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஊசியிலிருந்து எண்ணி நான்கு செயினை விட்டுவிட்டு, ஐந்தாவதில் ஒரு டபுள் குரோஷே. அப்புறம் ஒரு செயின். மறுபடி அதே ஐந்தாவது செயினுக்குள்ளேயே இன்னொரு டபுள் குரோஷே. ஒரே அடியிலிருந்து இரண்டு கால் விரிந்து, மேலே ஒரு செயின் அவற்றை இணைக்கிறது. இதுதான் 'வி'.

அடுத்த இரண்டு செயினை விட்டு, மூன்றாவதில் இதேபோல் இன்னொரு 'வி'. இப்படியே போனால் ஏழாவது 'வி' முடியும்போது இரண்டு செயின் மிஞ்சும். அதில் ஒன்றை விட்டு, கடைசிச் செயினில் ஒற்றை டபுள் குரோஷே. இது ஓரத்தூண். ஆரம்பத்தில் விட்ட நான்கில் மூன்று செயின் நிமிர்ந்து நின்று அந்தப் பக்கத்து ஓரத்தூணாகிவிடும், நான்காவது படுத்துக் கிடக்கும்.

செயினுக்குள் ஊசியை எங்கே விடுவது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். ஒவ்வொரு செயினிலும் முன்னால் இரண்டு இழையும், பின்னால் முதுகெலும்பு மாதிரி ஒரு புடைப்பும் இருக்கும். மேல் இழையையும் முதுகுப் புடைப்பையும் சேர்த்து, அதாவது இரண்டு இழைக்கு அடியில் ஊசியை விட்டால் அடி உறுதியாக இருக்கும். ஒரே இழையில் மாட்டினால் எங்கும் பெரிய ஓட்டை விழும். இந்த வரிசை பார்ப்பதற்குக் கோணல்மாணலாகத்தான் இருக்கும், சுருண்டுகொள்ளும், லேஸ் மாதிரியே தெரியாது. பிரித்துவிடாதீர்கள்.

செயின் எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று பயந்தால் இரண்டு மூன்று கூடுதலாகவே போட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சியதைத் தொடக்க முடிச்சுப் பக்கமிருந்து ஊசி நுனியால் நோண்டி அவிழ்த்துவிடலாம்.

இரண்டாவது வரிசையில் இருந்து

இனி எல்லாம் சுலபம். துணியைத் திருப்புங்கள். மூன்று செயின் போடுங்கள், அது முதல் ஓரத்தூண். கீழ் வரிசையின் முதல் 'வி'யைப் பாருங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் ஓர் ஓட்டை, அதன் மேல் ஒரு செயின் கூரை. ஊசியை அந்தக் கூரைக்கு அடியில், ஓட்டைக்குள் விட்டு ஒரு டபுள் குரோஷே, ஒரு செயின், மறுபடி அதே ஓட்டையில் ஒரு டபுள் குரோஷே. 'வி'யின் தலையில் இன்னொரு 'வி' உட்கார்ந்துவிட்டது.

அடுத்த 'வி'க்குப் போகும்போது நடுவில் செயின் எதுவும் வேண்டாம். நேரே அடுத்த 'வி'யின் ஓட்டைக்குத் தாவுங்கள்.

ஒன்றை மட்டும் விரலால் தடவிப் பழகிக்கொள்ள வேண்டும். இந்தப் பின்னலில் ஓட்டை இரண்டு வகை. 'வி'க்கு உள்ளே இருப்பதற்குக் கூரை உண்டு. இரண்டு 'வி'க்கு நடுவில் இருப்பது வெறும் சந்து, அதற்குக் கூரை கிடையாது. சந்துக்குள் பின்னினால் அதுவும் ஒரு டிசைன்தான், ஆனால் நம் டிசைன் அல்ல. கூரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசியை விடுங்கள்.

வரிசை முடிவில் ஏழாவது 'வி'யைத் தாண்டி ஓரத்தூண் நிற்கும். அது கீழ் வரிசையில் போட்ட மூன்று செயின். அதன் உச்சியில், அதாவது அடியிலிருந்து எண்ணினால் மூன்றாவது செயினில், ஒரு டபுள் குரோஷே போட்டு முடியுங்கள். அவ்வளவுதான். மூன்றாவது வரிசையும் முப்பதாவது வரிசையும் இதேதான்.

நான்கு வரிசை தாண்டியதும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 'வி'க்கள் நெட்டுக்குத்தாக அடுக்கி நிற்பது அப்போதுதான் தெரியும்.

துணி முக்கோணமானால்

என் முதல் லேஸ் துண்டு பன்னிரண்டு 'வி'யில் தொடங்கி எட்டில் நின்றது. செவ்வகமாகப் பின்னத் தொடங்கியது, கடைசியில் கோயில் கோபுரம் மாதிரி மேலே ஒடுங்கிப்போனது. காரணம் அந்தக் கடைசி ஓரத்தூண். மூன்று செயினாலான தூண் மெலிதாக, கொஞ்சம் வளைந்து, தையலே இல்லை என்பதுபோல ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். நான் அதை விட்டுவிட்டேன். அடுத்த வரிசையில் எது ஓரம், எது 'வி'யின் கால் என்று குழம்பி, ஒரு 'வி'யையே தூண் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். நாலு தடவை.

மருந்து எளிது. ஒவ்வொரு வரிசைத் தொடக்கத்திலும் மூன்று செயின் போட்டதும் மூன்றாவதில் ஓர் ஊக்கை மாட்டுங்கள். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் இடத்தில் பின்னிவிட்டு, அதைக் கழற்றி அடுத்த வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒவ்வொரு வரிசை முடிவிலும் 'வி'க்களை எண்ணுங்கள். ஏழு இருக்கிறதா? இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் அந்த வரிசையை உருவிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பத்து வரிசையை உருவ வேண்டிவரும்.

ஓரத்தில் மட்டும் பெரிதாக ஓட்டை தெரிந்தால் மூன்று செயினுக்குப் பதில் இரண்டு போட்டுப் பாருங்கள். தளர்வாகப் பின்னும் கைக்கு இரண்டே போதும். அப்போது ஊக்கு இரண்டாவது செயினில். 'வி'யில் நடு ஓட்டையே காணோம் என்றால் நடுச் செயினைப் போட மறந்திருப்பீர்கள், இது பேசிக்கொண்டே பின்னும்போது நடப்பது. அடிப்பக்கம் மட்டும் சுருங்கி, துணி விசிறி மாதிரி விரிந்தால் அடிச் செயின் இறுக்கம். அதற்குப் பின்னால் வைத்தியம் கிடையாது, பெரிய ஊசியால் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

முடித்தல்

பத்து வரிசை போதும் என்று வையுங்கள். நூலை ஒரு சாண் விட்டு நறுக்கி, கடைசிக் கண்ணிக்குள் முழுவதுமாக இழுத்துவிடுங்கள். முடிச்சுப் போட வேண்டாம், லேஸில் முடிச்சு பளிச்சென்று தெரியும். வால் நூலை மொட்டை ஊசியில் கோத்து, ஓரத்தூண்கள் வழியாக ஒரு பக்கம் போய், திரும்பி எதிர்ப்பக்கம் வந்து, ஒட்ட நறுக்குங்கள். ஓட்டைகளுக்குக் குறுக்கே கொண்டுபோனால் அசிங்கமாகத் தெரியும்.

அடுத்து வருவதைப் பலர் செய்வதில்லை, செய்யாததால்தான் நம்முடையது மட்டும் கசங்கித் தெரிகிறதே என்று வருத்தப்படுகிறார்கள். பருத்தி லேஸைத் தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். மெத்தை மேல் உலர்ந்த துண்டு விரித்து, லேஸை நான்கு பக்கமும் இழுத்து நேராக்கி, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். காய்ந்து எடுத்தால் ஒவ்வொரு ஓட்டையும் திறந்து நிற்கும். அக்ரிலிக் நூலாக இருந்தால் இதே மாதிரி குத்தி வைத்து, இஸ்திரிப் பெட்டியை மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டலாம். பெட்டி நூலைத் தொட்டால் அந்த இடம் பளபளவென்று உயிர் போனதுபோல் தொங்கிவிடும், திரும்ப வராது.

அடுத்து ஒரு ஸ்டோல்

இந்தச் சின்னத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேல் வைத்து அளந்து, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். என்னுடையது 12 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 48 செ.மீ. அகலத்தில் ஸ்டோல் வேண்டுமென்றால் நான்கு மடங்கு, அதாவது 28 'வி', அதற்கு 88 செயின். நீளம் 150 செ.மீ. என்றால் பதினைந்து மடங்கு. மொத்தம் இந்தத் துண்டைப்போல அறுபது துண்டு, 300 கிராம் நூல். 50 கிராம் கண்டாக இருந்தால் ஆறு, நான் ஏழாக வாங்குவேன். எல்லாக் கண்டிலும் லேபிளில் ஒரே லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் போட்டது என்பதற்கான எண்) இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே நிறம் என்று நினைத்து வாங்கிய இரண்டு கண்டுகள் பின்னி முடித்தபின் வேறு வேறாகத் தெரிந்த ஸ்டோல் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. மடித்துப் போட்டால் தெரியாது என்று சமாளித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.